இறக்கத்தில் உறுமிய வண்டி

அத்தியாயம் 4

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்ற வெள்ளைக் காரை முனீஸ் ஒரு சுற்று சுற்றி வந்தான். முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். அவ்வளவுதான். சாமளாபுரம் ரோட்டோரமாகத் தறி வேலைக்கு நடந்து போன வேலாத்தாளுக்கு இடுப்பெலும்பே முறிந்து கிடக்கிறது. இந்தச் சனியனுக்கு ஒரு விளக்கு மாற்றினால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கே மண்டப வாசலில் போய் மினுமினுவென்று நிற்கும்.

"இந்த வண்டி வெலைக்கு எங்க அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு தெருவையே வாங்கிரலாம் மேடம். ஆனா முன்னாடி தொங்குற எலுமிச்சம்பழத்தைப் பாருங்க. போன ஆடிக்குக் கட்டுனது, இன்னும் மாத்தல. ஓனரு எப்பேர்ப்பட்ட வள்ளல்னு இதுலயே தெரியலையா?"

தமிழ்மதி சிரிக்கவில்லை. காதர்பேட்டையில் பனியன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போடுவதற்கு முன்னால் அவள் வண்டி இன்சூரன்ஸ் சர்வேயர். சுவரில் தானே இடித்துவிட்டு லாரி இடித்தது என்று சத்தியம் பண்ணுகிற பெரிய மனுசர்களை வருஷக்கணக்கில் பார்த்தவள். யாரையும் திட்ட மாட்டாள். குரலில் மரியாதை கூடக் கூட, எதிரில் நிற்பவன் மேல் அவளுக்கு மதிப்பு இறங்கிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். முனீஸ் அவளிடம் சேருவதற்கு முன் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தான். அப்போது துணியில் ஓட்டை தேடினான், இப்போது கதையில் ஓட்டை தேடுகிறான்.

கேட் பக்கத்தில், இந்தக் கேசை அவர்களிடம் கொண்டு வந்த நதியா நின்றிருந்தாள். ஓவர்லாக் மெஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறாள், தலைமுடியெல்லாம் நூல் பிசிறு. அவள் புருஷன் மாரிச்செல்வம்தான் இந்த வண்டிக்கு டிரைவர். இப்போது லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

"அவுக காலைல சாவியவே தொடலண்ணே. டிரைவர் ரூம்ல தூங்கிக்கிட்டு இருந்தவுகளை எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டாக," என்றாள் முனீசிடம். "இன்னைக்கு உள்ள போட்டுட்டா லைசென்சும் போயிரும். அதுக்கப்புறம் அவுக கையில ஸ்டீயரிங்க யாருண்ணே குடுப்பா?"

எஸ்.ஐ. கன்னையன் டீ கிளாசோடு வந்தார். அவருக்கு இந்தக் கேஸ் முடிந்துபோன கேஸ்.

"டிரைவர்தானுங்க. வாட்டர் வாஷ் பண்றேன்னு காலைல சாவியை எடுத்திருக்கான். சாமளாபுரம் ரோட்டுல பறந்திருக்கான். அந்தம்மாவைத் தட்டிப்போட்டு, வண்டியைக் கம்பெனி ஷெட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் படுத்துட்டான். ஓனர் தங்கவேலுவே போன் பண்ணிக் கூப்பிட்டு வண்டியைக் காட்டுனாரு. சாயந்தரம் மாஜிஸ்திரேட்டு முன்னாடி நிறுத்தறோம்."

"பறந்தான்னு எப்படீங்க தெரியும்?"

"டேஷ்போர்டுல ஸ்போர்ட்னு செவப்பா எரிஞ்சுட்டு இருந்துதுங்க. ஓனர் எப்பவும் எக்கோலதான் ஓட்டுவாராம். டீசல்ல அவ்வளவு கட்டுசெட்டு. அந்த டிரைவர் பய ஸ்போர்ட்டுக்கு மாத்திப் பறந்துட்டு, திருப்பி மாத்த மறந்துட்டான். என் கண்ணால பாத்தேனுங்க."

"நீங்க ஷெட்டுக்குப் போறப்ப வண்டி ஓடிட்டு இருந்துதுங்களா?"

"ஆமாங்க. ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு வெச்சிருந்தாரு. உள்ள உக்காந்து பாருங்கன்னாரு. ஜில்லுன்னு இருந்துது."

தமிழ்மதியின் உதட்டோரம் லேசாக வளைந்தது. "டீசல்ல அவ்வளவு கட்டுசெட்டான மனுசன், ஆளே இல்லாத வண்டியை ஓட விட்டு ஏசியும் போட்டு வெச்சிருந்தாருங்களா? நெம்ப தாராள மனசுங்க."

கன்னையன் டீயை வாயருகே கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார்.

"சார், ஒரு சின்ன வேலைங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஸ்போர்ட்டை அமுக்கி, ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. எங்க முனீசு பண்ணுவான்."

முனீஸ் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். சீட் அவனை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. "ஆத்தாடி, எங்க வீட்டுக் கட்டிலு கூட இப்படி இல்ல." ஸ்டார்ட் பண்ணினான். பட்டனை அமுக்கினான். ஸ்போர்ட் என்று சிவப்பாக எரிந்தது. ஆஃப் பண்ணினான். மறுபடி ஸ்டார்ட் பண்ணினான்.

டேஷ்போர்டில் வெள்ளையாக ஒரே ஒரு வார்த்தை வந்தது. நார்மல்.

"சில வண்டி கடைசியா போட்ட மோடை ஞாபகம் வெச்சுக்குமுங்க. இந்த மாடல் வெச்சுக்காது," என்றாள் தமிழ்மதி. "ஆஃப் பண்ணுனா எக்கோவும் போயிரும், ஸ்போர்ட்டும் போயிரும். ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் அமுக்கோணும். வண்டியைத் தட்டிட்டு வந்து நிறுத்தி ஆஃப் பண்ணியாச்சு. அதுக்கப்புறம் நீங்க வர்றதுக்குள்ள யாரோ ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணி, உங்களுக்குன்னே ஸ்போர்ட்டை அமுக்கி வெச்சிருக்காங்க. ஆஃப் பண்ணுனா அழிஞ்சு போயிருமேன்னுதான் ஓட விட்டிருக்காங்க."

கன்னையன் கிளாசைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க முனீசுக்கே பாவமாக இருந்தது. ஏசிக் காற்றில் ஏமாந்த போலீஸ் என்று நாளைக்கு ஸ்டேஷனே பேசும்.

"ஓனர் பொய் சொல்லிட்டாரு, சரி. அதுக்காக ஓட்டுனது டிரைவர் இல்லைன்னு ஆயிருமுங்களா?" என்றார்.

"ஆகாதுங்க. அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

முனீசின் பைக்கில் போகும்போதே அவன் ஆரம்பித்துவிட்டான். "மேடம், கேஸ் முடிஞ்சுருச்சு. ஓனருக்கு அருள்செல்வன்னு ஒரு மகன் இருக்கான். போன்ல அவன் போட்டிருக்க வீடியோ பூரா ஸ்போர்ட் மோடுதான். சைக்கிள்ல போறவனைக் கூட ஓவர்டேக் பண்ணி வீடியோ போடுற ஜென்மம். அவன்தான் ஏத்தியிருக்கான். அப்பன் மகனைக் காப்பாத்த டிரைவரைப் புடிச்சுக் குடுத்துட்டான்."

"எக்கோன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"டீசல் மிச்சமாகும்."

"எப்படி?"

முனீஸ் யோசித்தான். "அது... வண்டி கொஞ்சம் சிக்கனமா நடந்துக்கும்."

"வண்டிக்கு என்ன சிக்கனம் தெரியும்? உன் காலைக் கொஞ்சம் மந்தமாக்கும், அவ்வளவுதான். நீ பாதி மிதிச்சா, கால்வாசிதான் மிதிச்சேன்னு எடுத்துக்கும். சீக்கிரமாவே மேல் கியருக்குப் போயிரும், என்ஜின் அதிகமா சுத்தாது. ஏசியைக் கொஞ்சம் அடக்கி வெக்கும். ஸ்போர்ட்டு அப்படியே தலைகீழ். லேசாத் தொட்டாலே கிழிச்சுட்டுப் போகும். ஆனா எதுல இருந்தாலும் சரி, அடி வரைக்கும் மிதிச்சா வண்டி பாஞ்சுதான் ஆகும். அதை நல்லா ஞாபகம் வெச்சுக்க."

"அப்ப எக்கோ பட்டனை அமுக்கிட்டு டீசல் மிச்சம் பண்றேன்னு பீத்திக்கிறவன்லாம்?"

"காலை ஒழுங்கா வெக்கத் தெரியாதவனுக்குத்தான் அந்தப் பட்டன்."

அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் வேலாத்தாள் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாள். வண்டி பின்னாலிருந்து வந்து இடித்ததால் ஓட்டியவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. வாக்குமூலம் வாங்க வந்த கன்னையனிடம் சத்தத்தைப் பற்றி அவள் சொன்னதை ஸ்டேஷனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தறி ஓட்டுகிற பொம்பளைக்குக் காது எங்கே கேட்கும் என்று தங்கவேலு சொன்னாராம், கன்னையனும் தலையாட்டியிருக்கிறார்.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் கேக்கறேன்," என்றாள் தமிழ்மதி.

"இறக்கத்துல வாரப்ப சத்தமே இல்ல கண்ணு. உருண்டு வாராப்பல வந்துது. கிட்ட வந்தப்பறம் கத்துச்சு பாரு, ஊய்யின்னு. அந்தக் கத்துக்கு வண்டி பாஞ்சிருக்கோணும். பாயல. அதே வேகத்துலதான் வந்து முட்டுச்சு. தறியில பெல்ட்டு நழுவிட்டா மோட்டார் மட்டும் கத்தும், தறி ஓடாதில்ல? அப்படி."

"பிரேக்குச் சத்தம் கேட்டுதுங்களா?"

"இல்ல கண்ணு. புடிச்சிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?" அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையைத் தூக்க முடியாமல் அப்படியே விட்டாள். முனீஸ் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான்.

வெளியே வந்ததும் தமிழ்மதி கன்னையனுக்குப் போன் பண்ணினாள். தங்கவேலுவைக் கூட்டிக்கொண்டு சம்பவ இடத்துக்குப் போக வேண்டும், அவரே வண்டி ஓட்ட வேண்டும். அடுத்தபடியாக இன்னொரு நம்பருக்கு அடித்து, ஒரு டெம்போக்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். முனீஸ் கேட்டதற்கு, "கட்டிங் வேஸ்ட் ஏத்த ஆள் வேணுமாம், போறியா?" என்றாள்.

தங்கவேலு உடனே வந்துவிட்டார். காரணம் வேறொன்றுமில்லை. "இந்தம்மா முன்னாடி இன்சூரன்ஸ்ல சர்வேயரா இருந்தவங்க" என்று கன்னையன் சொன்னதில் இன்சூரன்ஸ் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. உடைந்த விளக்குக்குக் கிளெய்ம் வாங்கிவிடலாம் என்று மனுசனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. கட்டின பெண்டாட்டி பேரில் வாங்கின சின்னக் காரை எடுத்து வந்திருந்தார். அதுவும் ஆட்டோமேட்டிக்தான், டீசல்தான்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. வண்டி எப்படி ஓட்டோணும்னு காட்டறேன் பாருங்க. இந்தச் சின்னப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியறதில்ல."

கன்னையன் முன்னால் உட்கார்ந்தார். தமிழ்மதியும் முனீசும் பின்னால். ஏறினதும் தங்கவேலு எக்கோ பட்டனை அமுக்கினார். சாமி படத்தைத் தொடுகிற பக்தி அதில் இருந்தது. கண்ணாடி எல்லாம் ஏற்றிவிட்டார், திறந்தால் காற்று இழுத்து டீசல் போகுமாம். அடுத்து ஏசியையும் நிறுத்தினார், மேடு வருகிறதாம். அடுப்பில் ஏற்றின இட்லிக் குண்டான் மாதிரி வண்டிக்குள் புழுங்கியது.

"சார், டீசலை மிச்சம் பண்றீங்க, சரி. எங்களைச் செலவு பண்றீங்களே," என்றான் முனீஸ், சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"வேர்வை போனா வந்துரும் தம்பி. டீசல் போனா வருமா?"

"நெம்பச் சரியா சொன்னீங்க," என்றாள் தமிழ்மதி. "இந்த அறிவு எல்லாத்துக்கும் வந்துருமுங்களா?"

முனீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேடத்திடமிருந்து இவ்வளவு மரியாதை வருகிறது என்றால் ஆள் ரொம்பக் கீழே போய்விட்டார்.

மேட்டின் உச்சி வந்தது. கீழே சாமளாபுரம் தறிக்குடோன்களின் தகரக் கூரைகள். ரோடு நீளமாக இறங்கியது. தங்கவேலு ஒரு புன்னகையோடு கியர் லிவரை முன்னால் தள்ளி நியூட்ரலில் போட்டார். என்ஜின் சத்தம் முனகலாக அடங்கிப்போய், வண்டி தன்பாட்டுக்கு உருள ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? எக்கோவெல்லாம் சும்மா. அசல் வித்தை இதுதான். கீழ வரைக்கும் ஓசில போறோம்."

"அடேயப்பா! உங்க பையன் அருள்செல்வனும் இப்படித்தான் ஓட்டுவாருங்களா?"

"அவனா? அவனுக்கு டுர்ரு டுர்ருன்னு ஸ்போர்ட்டுல கெடக்கோணும். எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நியூட்ரல் போட மாட்டான்."

"டிரைவரு?"

"மாரிச்செல்வமா? அவன் சரியான டீசல் தின்னி! இறக்கத்துல நியூட்ரல் போடுடான்னா, ஆபத்துங்க, போட மாட்டேனுங்கறான். கம்பெனி கேட்ல வெச்சுத் திட்டியிருக்கேன். அப்பவும் போடல."

"உங்க ஊட்டம்மா?"

"அவளுக்கு லைசென்சே இல்லீங்க."

"அப்ப இந்த வித்தை தெரிஞ்சவங்க உங்க ஊட்டுலயும் கம்பெனிலயும்..."

"நான் ஒருத்தன் மட்டுந்தானுங்க!" தங்கவேலு ஸ்டீயரிங்கைத் தட்டினார். பெருமை தாங்கவில்லை.

கன்னையன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். தமிழ்மதி மடியிலிருந்த போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள்.

இறக்கத்தின் அடியில், இன்னும் தூரத்திலேயே, குடோன் சந்திலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளோடு ஒரு டெம்போ மூக்கை நீட்டியது. மெதுவாக, மெத்தனமாக, ரோட்டுக்குள் வந்தது.

"சார், பிரேக்கு," என்றான் முனீஸ்.

"இருய்யா, பிரேக் அடிச்சா ஓட்டம் செத்துப் போயிரும். மறுபடி வேகம் எடுக்க டீசல் போகும். அவனுக்கு முன்னாடி போயிரலாம்." தங்கவேலு ஆக்சிலேட்டரை மிதித்தார்.

என்ஜின் கத்தியது. ஊய்யென்று காது கிழிகிற சத்தம். வண்டி மட்டும் ஒரு இம்மி கூட வேகம் ஏறவில்லை. தங்கவேலு இன்னும் மிதித்தார். சத்தம் இன்னும் ஏறியது. டெம்போ பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பிரேக்கு! யோவ் பிரேக்கு!" என்று கன்னையன் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தார். வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போய், டெம்போவுக்கு நாலடி தூரத்தில் நின்றது. டெம்போக்காரர் தமிழ்மதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரிவர்ஸ் எடுத்துச் சந்துக்குள் போய்விட்டார். முனீசுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நம்மளையும் உள்ள வெச்சுத்தான் இந்தம்மா பரீட்சை வெச்சிருக்காங்க என்று, இறுக்கிப் பிடித்திருந்த கதவுக் கைப்பிடியை விட்டான்.

"ஸ்போர்ட்டுல மிதிச்சா வண்டி பாயும். எக்கோல அடி வரைக்கும் மிதிச்சாலும் பாயும்," என்றாள் தமிழ்மதி. "கத்திட்டுப் பாயாத வண்டி நியூட்ரல்ல இருக்கற வண்டி மட்டுந்தான். சார், ஆஸ்பத்திரில அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"உருண்டு வந்துது, கத்துச்சு, பாயலைன்னு," என்றார் கன்னையன். அவர் குரல் மாறிவிட்டது. "பிரேக்கே புடிக்கலைன்னும் சொன்னாங்க."

தங்கவேலுவின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "அது... எல்லாரும்தான் நியூட்ரல் போடறாங்க..."

"நான் ஒருத்தன் மட்டும்தான்னு இப்பத்தானய்யா சொன்னே? என் காதால கேட்டேன்," என்றார் கன்னையன்.

ஏசி இல்லாத புழுக்கத்தில் தங்கவேலுவுக்கு மூச்சு வாங்கியது.

"ஓரமாத்தான் போயிட்டு இருந்துது அந்தம்மா," என்றார் கடைசியில். "எதுக்க லாரி வந்துது, அது வர்றதுக்குள்ள லேசா மிதிச்சா தாண்டிப் போயிரலாம்னு நெனச்சேன். நியூட்ரல்ல இருக்கறது அந்நேரத்துக்கு ஞாபகம் வரல. இறக்கத்துல வந்த வேகத்தை வீணாக்க மனசு வரலீங்க."

"ஒரு பிரேக்கு," என்றான் முனீஸ். "ஒரே ஒரு பிரேக்கு போட்டிருந்தா ஒரு டம்ளர் டீசல் கூடப் போயிருக்காதேய்யா."

"இன்னொண்ணுங்க," தமிழ்மதி முன்பக்கம் குனிந்தாள். "நீங்க மிச்சமும் பண்ணலீங்க. இறக்கத்துல கியர்லயே விட்டுட்டுக் காலை எடுத்துட்டா, சக்கரமே என்ஜினைச் சுத்தும். டீசல் ஒரு சொட்டு உள்ள போகாது. நியூட்ரல் போட்டீங்கன்னா சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பே கிடையாது. என்ஜின் அணையாம இருக்கோணும்னா டீசலைக் குடிச்சுத்தான் ஆகோணும். இத்தனை நாளா ஒவ்வொரு இறக்கத்துலயும் நீங்க டீசலைக் கொட்டிட்டுத்தான் போயிருக்கீங்க."

தங்கவேலு சடாரென்று திரும்பினார். வேலாத்தாள் பேச்சு வந்தபோது கூட அந்த முகத்தில் இவ்வளவு வேதனை இல்லை.

"நெசமாவாங்க? ஒரு சொட்டு கூடப் போகாதுங்களா?"

அவர் கன்னையனைப் பார்த்தார். "ஏனுங்க சார், நெசமாவா?"

"எறங்குய்யா கீழ," என்றார் கன்னையன். சாவியை உருவிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, மாரிச்செல்வத்தை வெளியே விடச் சொன்னார்.

முனீஸ் ரோட்டோரம் நின்று நதியாவுக்குப் போன் பண்ணினான். "உன் வீட்டுக்காரரை விட்டுட்டாங்கம்மா. ஸ்டேஷன் வாசல்லயே இரு, வந்துருவாரு."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. அது அடங்கினதும் கேட்டாள், "ஓட்டுனது யாருண்ணே?"

"உங்க ஓனரேதான்."

"அவுகளைப் புடிச்சுக் குடுத்துட்டு எங்கிட்ட வந்து, உம்புருஷனுக்காக நான் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்னு சொன்னான்ணே அந்தாளு. நானும் கும்பிட்டேண்ணே," என்றாள். "போன அவன்கிட்டக் குடுங்க."

முனீஸ் ஸ்பீக்கரைப் போட்டுத் தங்கவேலுவின் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தான். நதியா தொண்டையைக் காறுகிற சத்தம் கேட்டது. தூவென்று துப்பினாள்.

போனில்தான் துப்பினாள். தங்கவேலு கையைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.